திரும்பிப் போக முடிகிற நேரத்தில் சொல்லுங்கள்

குளச்சலை அடுத்த ஒரு கடற்கரை ஊரின் படிப்பகத்துச் செயலாளராக இருக்கும் தம்பி ஒருவர் என்னிடம் கேட்ட கேள்விக்கு எழுதும் பதில் இது. வருகிற டிசம்பர் 26-ஆம் தேதி மாலை, நினைவுத் திருப்பலி முடிந்த பிறகு, 2004-ஆம் ஆண்டின் சுனாமியைப் பற்றி ஊர் இளைஞர்கள் தொகுத்திருக்கும் 40 நிமிடப் படம் ஒன்றைக் கோயில் முற்றத்தில் திரையிட ஏற்பாடு செய்திருக்கிறார்கள். அன்று கல்யாண வீடியோ எடுப்பவர்கள் கையிலிருந்த கேமராவோடு ஓடிப்போய்ப் பதிவு செய்த காட்சிகள் அதில் உண்டு. இடிந்த வீடுகளும், மணலில் கிடத்தப்பட்ட உடல்களும், அவற்றைத் தேடி வந்து கதறுகிறவர்களும் அந்தக் காட்சிகளில் இருக்கிறார்கள். படத்துக்கு முன்னால் எச்சரிக்கை போட வேண்டுமா, போட்டால் என்ன எழுத வேண்டும் என்று தம்பி கேட்கிறார். பங்குப் பேரவையில், அதாவது கோயில் காரியங்களைக் கவனிக்கும் குழுவில், சிலர், வருகிற கூட்டத்தை நாமே பயமுறுத்தித் திருப்பி அனுப்பலாமா என்கிறார்களாம். வேறு சிலர், இது வெளிநாட்டுப் பழக்கம், நம் கடற்கரை பார்க்காத சாவா என்கிறார்களாம்.

போட வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. ஆனால் தொலைக்காட்சியில் நாம் பார்த்துப் பழகிய வாசகத்தை அப்படியே எடுத்துப் போட்டால், போடாமல் இருப்பதற்கும் அதற்கும் பெரிய வித்தியாசம் இருக்காது. எதற்காகப் போடுகிறோம் என்பது தெளிவானால் என்ன எழுதுவது என்பது பின்னாலேயே வந்துவிடும் என்பதால், அங்கிருந்து தொடங்குகிறேன். நான் நாகர்கோவிலில் ஒரு கேபிள் தொலைக்காட்சியின் செய்திப் பிரிவில் 11 ஆண்டுகள் படத்தொகுப்பாளராக இருந்தேன். அதன் பிறகு இதழியல் படிக்கிற மாணவர்களுக்குப் பாடம் எடுத்து வருகிறேன். இந்த விஷயத்தில் எனக்குத் தெரிந்தவற்றுள் முக்கியமானதை நான் எந்தப் பாடநூலிலும் படிக்கவில்லை.

2005 டிசம்பரில், முதலாம் ஆண்டு நினைவையொட்டி அரை மணி நேர நிகழ்ச்சி ஒன்றைத் தொகுத்தேன். உடல்களை வரிசையாகக் கிடத்தியிருந்த காட்சி ஒன்றை நானே தேர்ந்தெடுத்துச் சேர்த்தேன். முகங்கள் தெரியவில்லை என்பதை உறுதி செய்துகொண்டேன். அதற்கு மேல் யோசிக்கவில்லை. ஒளிபரப்பான மறுநாள் வயதான ஓர் அம்மா பேரன் ஒருவனைக் கூட்டிக்கொண்டு அலுவலகத்துக்கு வந்தார். அந்த வரிசையின் ஓரத்தில் பச்சைக் கட்டம் போட்ட சின்னச் சட்டை ஒன்று தெரிந்திருக்கிறது. அது அவருடைய மகள் பிள்ளை கிறிஸ்துமஸுக்குப் போட்டிருந்த புதுச் சட்டை. அதை அடையாளம் காண அவருக்கு முகம் தேவைப்படவில்லை. அவர் சத்தம் போடவில்லை. அதை எதற்குக் காட்டினாய் என்றுகூடக் கேட்கவில்லை. "மக்களே, முன்னாலயே ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நான் எழும்பி அடுக்களைக்குப் போயிருப்பேனே" என்று மட்டும் சொன்னார். அவர் போன பிறகு நாடாவைத் திருப்பி ஓட்டி அந்தக் காட்சியை எண்ணிப் பார்த்தேன். 2 நொடி. நொடிக்கு 25 வீதம் 50 பிரேம்கள்.

அந்த அம்மா கேட்டது என்ன என்பதைப் பல ஆண்டுகள் யோசித்திருக்கிறேன். பேரப்பிள்ளையின் சாவை மறக்க வைக்கும்படி அவர் கேட்கவில்லை. அதை மறக்க அவருக்கு விருப்பமும் இல்லை. ஆண்டுதோறும் கல்லறைக்குப் போய் மெழுகுதிரி ஏற்றுகிறவர் அவர். ஊருக்கு நடந்ததை உலகம் பார்க்கக் கூடாது என்றும் அவர் சொல்லவில்லை. அந்தச் சட்டையை எப்போது, யாரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பார்ப்பது என்ற தீர்மானம் தன் கையில் இருந்திருக்க வேண்டும் என்பதுதான் அவர் சொன்னதன் பொருள். மகனை அழைத்துப் பக்கத்தில் உட்காரவைத்து அவர் அதைப் பார்த்திருக்கவும் கூடும். இரவுச் சோற்றுக்கு நடுவில், ஒரு விளம்பரம் முடிந்த கையோடு அது அவர் முன் வந்து விழுந்ததுதான் தவறு. முன்னறிவிப்பு என்பது அந்தத் தீர்மானத்தை அதற்கு உரியவரிடம் ஒப்படைக்கும் வேலை. அதற்கு மேல் எதையும் அது செய்யும் என்று நாம் வாக்குக் கொடுக்கக் கூடாது.

எச்சரிக்கை எப்படி இருக்க வேண்டும் என்பதைக் கடற்கரைக்காரர்களுக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை. ஹைதராபாத்தில் இருக்கும் இந்திய தேசியப் பெருங்கடல் தகவல் சேவை மையம் கள்ளக்கடல் (முன்னறிகுறி இல்லாமல் கரையில் திடீரென எழும் பெரிய அலை) எச்சரிக்கை விடும்போது, கடல் கொந்தளிப்பாக இருக்கக்கூடும், மனத்திடம் இல்லாதவர்கள் போக வேண்டாம் என்று பொதுவாக எழுதுவதில்லை. குமரிக் கடற்கரையில் நீரோடி முதல் ஆரோக்கியபுரம் வரை, இன்ன தேதி இன்ன மணியிலிருந்து இன்ன மணி வரை, இத்தனை மீட்டர் உயரத்துக்கு அலை எழும்பலாம் என்று இடம், நேரம், அளவு மூன்றையும் சொல்கிறது. அதைக் கேட்ட பிறகு வள்ளத்தை மேலே ஏற்றுவதா, காத்திருப்பதா என்பதை ஊர்க்காரர் தீர்மானிக்கிறார். இதன் மறுபக்கத்தையும் நாம் பார்த்திருக்கிறோம். 2017 நவம்பர் 30-ஆம் தேதி ஒக்கிப் புயல் வந்தபோது, ஏற்கெனவே ஆழ்கடலுக்குப் போயிருந்த தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளை பகுதி மீனவர்களுக்கு அந்த எச்சரிக்கை போய்ச் சேரவில்லை. கரையில் இருந்தவர்கள் கேட்ட அதே வார்த்தை, நடுக்கடலில் நின்றவர்களுக்குத் திரும்ப வழியில்லாத நேரத்தில் எந்தப் பயனும் இல்லாமல் போனது. காட்சிகளுக்கான முன்னறிவிப்பையும் நான் இந்த இரண்டு அளவுகோல்களால்தான் அளக்கிறேன். என்ன வருகிறது என்பதை அது பெயர் சொல்லிச் சொல்கிறதா? கேட்கிறவர் எழுந்து போக முடிகிற நேரத்தில் வருகிறதா?

இந்த அளவுகோலில் நம் செய்தித் தொலைக்காட்சிகளின் வழக்கமான வாசகம் தேறாது. "இளகிய மனம் படைத்தவர்கள் இந்தக் காட்சிகளைப் பார்ப்பதைத் தவிர்க்கவும்" என்ற வரியை நானே எத்தனையோ முறை திரையின் அடியில் ஓடவிட்டிருக்கிறேன். என்ன காட்சி என்று அது சொல்வதில்லை. விபத்தா, வெட்டுக்குத்தா, வெள்ளத்தில் மிதக்கும் உடலா என்று தெரியாமல் ஒருவர் எதை வைத்து முடிவெடுப்பார்? பெற்ற பிள்ளையை விபத்தில் பறிகொடுத்தவருக்கு வெள்ளக் காட்சி ஒன்றும் செய்யாமல் இருக்கலாம்; சாலையில் கிடக்கும் ஒற்றைச் செருப்பு அவரை உலுக்கிவிடும். அதைவிட மோசமானது, அந்த வரி பார்வையாளரின் மனத்தைத் தரம் பிரிப்பது. எழுந்து போகிறவர் இளகிய மனக்காரர், உட்கார்ந்திருப்பவர் திடமானவர் என்ற எண்ணத்தை அது உண்டாக்கிவிடுவதால், பத்துப் பேர் நடுவில் உட்கார்ந்திருக்கும் ஓர் ஆண்பிள்ளையால் அதைக் கேட்டு எழுந்து போகவே முடியாது. பல நேரங்களில் அந்த வரி காட்சியோடு சேர்ந்தே ஓடுகிறது. படித்து முடிப்பதற்குள் கண் பார்த்துவிடுகிறது. "அதிர்ச்சிக் காட்சி" என்று சிவப்பெழுத்தில் போட்டு ஆளைக் கூப்பிடுவது எச்சரிக்கையில் சேர்த்தியே இல்லை. அது கடைவாசலில் கூவி விற்பது.

சட்டம் இதில் எவ்வளவு தூரம் வந்திருக்கிறது என்று தெரிந்துகொள்வது நல்லது. 1952-ஆம் ஆண்டின் திரைப்படச் சட்டப்படி, பொதுவில் காட்டப்படும் படத்துக்குச் சான்றிதழ் வேண்டும். ஆவணப்படங்களுக்கும் இது பொருந்தும் என்பதால் உங்கள் திரையிடலுக்கு என்ன தேவை என்பதை முன்கூட்டியே விசாரித்துக்கொள்ளுங்கள். எல்லோருக்குமான யு, வயது வந்தோருக்கான ஏ என்ற இரண்டோடு, பெற்றோர் வழிகாட்டுதலோடு பிள்ளைகள் பார்க்கும் யு/ஏ, குறிப்பிட்ட துறையினருக்கான எஸ் என்ற வகைகள் 1983-இல் சேர்ந்தன. 2023-இல் வந்த திருத்தச் சட்டம் யு/ஏ வகையை 7, 13, 16 வயதுகளை வைத்து மூன்றாகப் பிரித்தது. எஸ் நீங்கலாக இவை எல்லாமே வயதைப் பற்றியவை. 16 வயதுக்கு மேற்பட்டவர் பார்க்கலாம் என்ற தகவல், 60 வயதான அந்த அம்மாவுக்கு எந்த விதத்திலும் உதவாது. 2021-இல் வந்த தகவல் தொழில்நுட்ப விதிகள் ஓர் அடி முன்னேறி, இணையவழிப் படத்தளங்கள் வயது வகையோடு சேர்த்து, உள்ளே என்ன இருக்கிறது என்ற சிறு விவரிப்பையும் நிகழ்ச்சியின் தொடக்கத்தில் காட்ட வேண்டும் என்றன. தமிழ்ப் படத்துக்குக்கூட அந்த விவரிப்பு பெரும்பாலும் ஆங்கிலத்தில், திரையின் மூலையில், சில நொடிகள் மட்டும் தோன்றி மறைகிறது. எங்கள் வீட்டில் அதைப் படித்துவிட்டு யாரும் எழுந்து போனதாக எனக்கு நினைவில்லை.

ஒரே வாசகத்தைத் திரும்பத் திரும்பக் காட்டினால் என்ன ஆகும் என்பதற்கும் நம்மிடம் நல்ல எடுத்துக்காட்டு உண்டு. 2012 அக்டோபர் முதல் திரையரங்குப் படங்களில் புகையிலை எச்சரிக்கை கட்டாயமாயிற்று. 2023 செப்டம்பரில் அது இணையவழித் தளங்களுக்கும் வந்தது. நல்ல நோக்கத்தில் வந்த விதி அது. ஆனால் எல்லாப் படத்திலும், எல்லாச் சிகரெட்டுக்கும் ஒரே எழுத்தில் வரும் வாசகத்தை இன்று கண் தானாகவே தாண்டிப் போகிறது. எனவே எல்லாவற்றுக்கும் எச்சரிக்கை போடுங்கள் என்று நான் சொல்ல மாட்டேன். இடிந்த வீட்டுக்கும் வற்றிய குளத்துக்கும் எச்சரிக்கை போட்டால், உடல்கள் வரும்போது போடுகிற எச்சரிக்கையை யாரும் நம்ப மாட்டார்கள்.

இனி, முன்னறிவிப்பால் உண்மையில் பயன் உண்டா என்ற கேள்விக்கு வருகிறேன். இதை நேர்மையாகச் சொல்லியாக வேண்டும். ஆஸ்திரேலியாவின் பிளிண்டர்ஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த விக்டோரியா பிரிட்ஜ்லேண்ட் என்ற உளவியலாளரும் அவருடன் பணியாற்றியவர்களும், அதுவரை நடந்திருந்த 12 ஆய்வுகளைச் சேர்த்து அலசி 2023-இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். எச்சரிக்கையைப் படித்துவிட்டுப் பார்த்தவர்களுக்கும் படிக்காமல் பார்த்தவர்களுக்கும் இடையில், பார்த்தபின் உண்டான மன வேதனையில் வேறுபாடு இல்லை என்பது அவர்கள் கண்டது. மாறாக, எச்சரிக்கையைப் படித்ததும் காட்சி வருவதற்கு முன்பே ஒரு பதற்றம் எழுந்தது. எச்சரிக்கையைக் கண்டு பெரும்பாலோர் விலகிப் போகவும் இல்லை. சில சூழல்களில் அது பார்க்கும் ஆவலைக் கூட்டியது. பேரவையில் தயங்குகிறவர்கள் இந்த முடிவுகளைக் கேட்டால், நாங்கள் சொன்னதும் இதுதானே என்பார்கள். அவர்கள் சொல்வதில் பாதி உண்மை. எச்சரிக்கை மனக்காயத்தை ஆற்றும் என்றோ, பார்க்கும்போது வலிக்காமல் செய்யும் என்றோ சொல்வதற்கு ஆதாரம் இல்லை. ஆனால் அந்த ஆய்வுகள் பெரும்பாலும் ஆய்வுக்கூடச் சூழலில், முன்பின் தெரியாத யாருக்கோ நடந்ததைப் பற்றிய பத்தியையோ படத்தையோ கொடுத்துச் செய்யப்பட்டவை. சொந்தப் பேரப்பிள்ளையின் சட்டை திரையில் வரக்கூடிய ஒரு முற்றத்துக்கு அவற்றை அப்படியே கொண்டுவர முடியாது என்பது என் கணிப்பு. அதோடு, வலி குறையவில்லை என்பதால் கேட்காமலே காட்டலாம் என்று ஆகிவிடாது. ஊசி போடும் நர்ஸம்மா "கொஞ்சம் வலிக்கும்" என்று சொல்லிவிட்டுத்தான் போடுகிறார். சொன்னதால் ஊசியின் வலி குறைவதில்லை. ஆனாலும் சொல்லாமல் குத்துகிறவரிடம் நாம் மறுமுறை கையை நீட்ட மாட்டோம்.

அந்த ஆய்விலிருந்து நான் எடுத்துக்கொள்ளும் பாடம் வேறொன்று. பதற்றத்தை மட்டும் கிளப்பிவிட்டு, என்ன வருகிறது என்று சொல்லாத எச்சரிக்கை வீண். "மிகவும் கொடூரமான காட்சிகள், நெஞ்சைப் பதறவைக்கும் காட்சிகள்" என்று அடுக்குவது அந்தப் பதற்றத்தைத்தான் வளர்க்கிறது. உள்ளதை உள்ளபடி, அடைமொழி இல்லாமல் சொல்வதே போதும்.

வெளிநாட்டுப் பழக்கம் என்ற பேச்சுக்கும் ஒரு பதில் சொல்ல விரும்புகிறேன். சாவை நேரே சொல்லத் தயங்குவது தமிழில் இலக்கணமாகவே எழுதப்பட்ட பழக்கம். நன்னூல் அதைத் தகுதி வழக்கில் சேர்த்து, அமங்கலமானதை மங்கலமாகச் சொல்வதற்கு மங்கலம் என்றும், அவையில் சொல்லத் தகாததை மறைத்துச் சொல்வதற்கு இடக்கரடக்கல் என்றும் பெயர் வைத்தது. துஞ்சினார் என்கிறோம், கர்த்தருக்குள் நித்திரை அடைந்தார் என்று சுவரொட்டி அடிக்கிறோம். ஆனால் நமக்கு இன்னொரு பழக்கமும் இருக்கிறது. ஊரில் யாராவது இறந்தால் கோயிலில் துக்க மணி அடிக்கிறார்கள். ஒரு அடி, நீண்ட இடைவெளி, மீண்டும் ஓர் அடி. திருப்பலி மணியின் வேகம் அதில் இருக்காது. வலை முடைந்துகொண்டிருப்பவர் கையை நிறுத்துகிறார். அடுப்படியில் நிற்கிறவர் வாசலுக்கு வருகிறார். யார் என்று கேட்பதற்கு முன்பே இது சாவுச் செய்தி என்பது எல்லோருக்கும் தெரிந்துவிடுகிறது. பிறகு பெயர் வருகிறது. அந்தப் பெயரைக் கேட்க மனம் ஓரளவு நின்று கொடுக்கிறது. தொலைக்காட்சிக்காரர்களாகிய நாங்கள் செய்த தவறு, மணியின் வழியை விட்டுவிட்டு இடக்கரடக்கலின் வழியைப் பிடித்துக்கொண்டது என்று எனக்குத் தோன்றுகிறது. "மனதைப் பாதிக்கக்கூடிய" என்பது இடக்கரடக்கல். "இறந்தவர்களின் உடல்கள் வருகின்றன" என்பது மணி. ஆஸ்திரேலியத் தொலைக்காட்சியில் இந்த மணியைப் போன்ற ஒரு வழக்கம் உண்டு. இறந்தவர்களின் உருவத்தைக் காண்பதும் குரலைக் கேட்பதும் அந்நாட்டுப் பூர்வகுடிகளில் பலருக்குத் துயரம் தருவது என்பதால், நிகழ்ச்சியில் இறந்தவர்களின் உருவமோ குரலோ வரக்கூடும் என்று அவர்களை அழைத்தே அறிவிக்கிறார்கள். யாருக்குச் சொல்கிறோம், எதைச் சொல்கிறோம் என்ற இரண்டும் அதில் தெளிவாக இருக்கின்றன.

பார்க்க வேண்டாம் என்று தடுப்பதும் முன்னறிவிப்பும் ஒன்று என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. ஒக்கிக்குப் பிந்திய நாட்களில் இதை நான் கண்ணெதிரே பார்த்தேன். கடலில் எடுக்கப்பட்ட உடல்கள் கேரளத்து மருத்துவமனைகளில் இருந்தன. பல உடல்களை மரபணுச் சோதனை செய்துதான் அடையாளம் காண முடிந்தது. அந்த நாட்களில் வாட்ஸ்அப்பில் படங்கள் வந்துகொண்டே இருந்தன. சில குடும்பங்களுக்கு அந்தப் படங்கள் தேவைப்பட்டன. இடுப்பில் கட்டியிருந்த கயிறு, கையில் குத்தியிருந்த பச்சை, கழுத்திலிருந்த செபமாலை என்று ஏதாவது ஓர் அடையாளத்துக்காக அவர்கள் ஒவ்வொரு படத்தையும் பெரிதாக்கிப் பார்த்தார்கள். அவர்களிடம் பார்க்காதே என்று சொல்ல யாருக்கும் உரிமை இல்லை. அதே படம், அக்கம்பக்கத்துக் குடும்பங்கள் சேர்ந்து செபிக்கும் அன்பியக் குழுவிலும், பள்ளிக்கூடப் பெற்றோர் குழுவிலும், எந்த வார்த்தையும் இல்லாமல் வந்து விழுந்தது. கைபேசியில் படங்கள் தானாக இறங்கும்படி வைத்திருந்த வீடுகளில், விளையாட்டுக்காகப் போனை எடுத்த பிள்ளைகள் அதைப் பார்த்தார்கள். அப்பா திரும்பி வருவார் என்று சொல்லி வைத்திருந்த பிள்ளைகளும் அவர்களில் இருந்தார்கள். படம் ஒன்றுதான்; யாரிடம், எப்படிப் போய்ச் சேர்ந்தது என்பதில்தான் தவறு நடந்தது. அத்தகைய படத்தை அனுப்பியே தீர வேண்டும் என்றால், தேடுகிறவருக்குத் தனியாக அனுப்ப வேண்டும். அனுப்பும் முன் "ஓர் உடலின் படம் அனுப்பட்டுமா, அடையாளம் பார்க்க முடியுமா" என்று எழுதி, பதில் வந்த பிறகே அனுப்ப வேண்டும். குழுக்களுக்கு அனுப்புவதற்கு எனக்கு எந்த நியாயமும் தெரியவில்லை.

எச்சரிக்கை போட்டுவிட்டால் எதையும் காட்டலாம் என்ற நினைப்பும் பரவலாக இருக்கிறது. காட்டவே கூடாதவை உண்டு. பாலியல் வன்முறைக்கு ஆளானவரின் அடையாளத்தை வெளியிடுவது இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 72-ஆம் பிரிவின்படி குற்றம். குழந்தை என்றால் போக்சோ சட்டத்தின் 23-ஆம் பிரிவும் சேரும். எத்தனை வரி எச்சரிக்கை போட்டாலும் இவை மாறாது. தற்கொலைச் செய்திகளில் வழிமுறையையும் இடத்தையும் விவரிக்கக் கூடாது, பெரிதுபடுத்தி வெளியிடக் கூடாது என்று இந்தியப் பத்திரிகைக் கவுன்சில் 2019-இல் வழிகாட்டுதல் கொடுத்திருக்கிறது. அந்த விவரங்கள் ஏற்கெனவே தளர்ந்திருக்கும் ஒருவருக்கு வழிகாட்டியாகிவிடும் என்பதே காரணம். 2023 ஜனவரி 9-ஆம் தேதி தகவல் ஒலிபரப்பு அமைச்சகம் தொலைக்காட்சிகளுக்கு அனுப்பிய அறிவுரை, சமூக வலைத்தளங்களில் கிடைத்த இரத்தமும் உடல்களும் நிறைந்த காட்சிகளை மங்கலாக்காமல், தொலைவிலிருந்து காட்டாமல், அப்படியே ஒளிபரப்புவதைக் கண்டித்தது. எனவே எச்சரிக்கை எழுதுவதற்கு முன்பு படத்தொகுப்பு மேசையில் ஒரு வேலை இருக்கிறது. இந்தக் காட்சி இல்லாவிட்டால் படம் சொல்ல வந்தது குறையுமா என்று ஒவ்வொன்றையும் கேட்க வேண்டும். நான் சேர்த்த அந்த 2 நொடி இல்லாமலும் 2005-இன் நிகழ்ச்சி முழுமையாகவே இருந்திருக்கும்.

உடலுக்கே தீங்கு செய்யும் காட்சியும் உண்டு என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1997 டிசம்பர் 16-ஆம் தேதி ஜப்பானில் ஒளிபரப்பான போக்கிமான் கார்ட்டூனில், சிவப்பும் நீலமும் வேகமாக மாறி மாறி மின்னிய காட்சியைப் பார்த்து வலிப்பும் மயக்கமும் வந்து ஏறத்தாழ 685 பேர், பெரும்பாலும் குழந்தைகள், மருத்துவமனைக்குக் கொண்டுபோகப்பட்டார்கள். உங்கள் படத்தில் மின்னல்போல் வெட்டி வெட்டி வரும் காட்சி இருந்தால் அதை எடுத்துவிடுங்கள். எடுக்க முடியாது என்றால் வலிப்பு நோய் உள்ளவர்களுக்கு என்று தனியாகச் சொல்லுங்கள். நொடிக்கு மூன்று முறைக்கு மேல் மின்னக் கூடாது என்பது இணையப் பக்கங்களுக்கு வகுக்கப்பட்டிருக்கும் அளவு. நீங்களும் அதையே பின்பற்றலாம்.

இனி உங்கள் முற்றத்துக்கு வருவோம். முதல் அறிவிப்பு திரையில் வரக்கூடாது. அதற்கு முந்திய ஞாயிற்றுக்கிழமைத் திருப்பலியின் முடிவில் வாசிக்கப்படும் அறிவிப்புகளோடு வர வேண்டும். அப்போதுதான் ஒருவர் வீட்டில் உட்கார்ந்து யோசித்து, வருவதா வேண்டாமா, யாரோடு வருவது என்று முடிவெடுக்க முடியும். சுவரொட்டியிலும் அதையே இரண்டு வரியில் போடுங்கள். இரண்டாவது அறிவிப்பு, படம் தொடங்குவதற்கு முன்பு, விளக்குகள் எரியும்போதே, ஊருக்குத் தெரிந்த ஒருவர் மைக்கில் சொல்வதாக இருக்கட்டும். எழுத்தில் மட்டும் போட்டால் எழுத்துத் தெரியாத பெரியவர்களுக்கும் கண் மங்கியவர்களுக்கும் அது போய்ச் சேராது. அந்தப் பெரியவர்களே அன்று அதிகம் இழந்தவர்கள். படத்தின் உள்ளே, உடல்கள் வரும் பகுதிக்கு முன்னால் 10 நொடி கருந்திரை விட்டு, ஒரு வரியை எழுத்தாகவும் குரலாகவும் வையுங்கள். 10 நொடி என்பது முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழும்பும் ஒரு பாட்டிக்குக்கூடக் குறைவுதான்; இடம் இருந்தால் 20 நொடி விடுங்கள்.

சத்தத்தை மறந்துவிடாதீர்கள். சில ஆண்டுகளுக்கு முன் வேறோர் ஊரில் நடந்த நினைவுக் கூட்டத்தில், படங்களை எல்லாம் கண் கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்த ஒரு அக்கா, ஒலிபெருக்கியில் அலை இரைச்சலைக் கூட்டியதும் காதைப் பொத்திக்கொண்டு எழுந்து ஓடினார். படத்தில் அலை இன்னும் வரவே இல்லை. துயரத்தைத் தட்டி எழுப்புவது பெரும்பாலும் நாம் எதிர்பார்க்கிற காட்சியாக இருப்பதில்லை; ஒரு சத்தமாகவோ, வாடையாகவோ, ஒரு நாளின் வெயிலாகவோ இருக்கும். எல்லாவற்றையும் நம்மால் முன்கூட்டிச் சொல்ல முடியாது. ஆனால் அலையோசையைக் கூட்டி வைத்திருப்பது நமக்குத் தெரியும். தெரிந்ததைச் சொல்லிவிடலாம், குறைத்தும் வைக்கலாம்.

எழுந்து போகிறவர் வெட்கப்படாமல் போக வழி வேண்டும். நாற்காலிகளை நெருக்கிப் போடாமல் நடுவிலும் இரண்டு ஓரங்களிலும் பாதை விடுங்கள். திரைக்கு முன்னால் நடந்துதான் வெளியே போக முடியும் என்றால் யாரும் போக மாட்டார்கள். முற்றத்தின் ஒரு பக்கத்தில், திரை தெரியாத இடத்தில், சில நாற்காலிகளும் ஒரு பானை சுக்குக்காப்பியும் வைத்து, ஊர் மதிக்கும் இரண்டு பேரை அங்கே உட்காரவையுங்கள். எழுந்து வருகிறவரிடம் அவர்கள் எதுவும் கேட்க வேண்டாம், கூட இருந்தால் போதும். சின்னப் பிள்ளைகளை அந்த நேரத்தில் மண்டபத்துக்குள் கூட்டிப்போய்க் குடில் காட்டிப் பாட்டுப் பாட வைக்க மறைக்கல்வி ஆசிரியர்களிடம் சொல்லி வையுங்கள். பேச வேண்டும் என்று தோன்றுகிறவர்களுக்கு, அரசின் "நட்புடன் உங்களோடு" மனநலச் சேவையின் 14416 என்ற எண்ணைப் படத்தின் முடிவில் கொஞ்ச நேரம் நிறுத்தி வைக்கலாம்.

எல்லாவற்றுக்கும் முன்னால் ஒரு வேலை மீதி இருக்கிறது. படத்தில் அடையாளம் தெரியும்படி வருகிற ஒவ்வொருவரின் குடும்பத்தையும் உங்களுக்குத் தெரியும். ஊர் அவ்வளவு சின்னது. தொலைக்காட்சிக்குக் கிடைக்காத வசதி அது. இரண்டு பேர் அந்த வீடுகளுக்கு நேரில் போய், இந்த இடத்தில் உங்கள் வீட்டு ஆள் வருகிறார், வைக்கலாமா என்று கேளுங்கள். வேண்டாம் என்றால் எடுத்துவிடுங்கள், காரணம் கேட்காதீர்கள். முதலில் பார்க்க வேண்டும் என்று சொன்னால், அவர்கள் வீட்டிலேயே, அவர்களுக்கு வசதியான நேரத்தில் போட்டுக் காட்டுங்கள்.

மைக்கில் சொல்வதற்கு நான் எழுதிக் கொடுக்கும் வாசகம் இது, உங்கள் ஊர்ப் பேச்சுக்கு ஏற்ப மாற்றிக்கொள்ளலாம்: "இந்தப் படம் 40 நிமிடம் ஓடும். 2004 டிசம்பர் 26 அன்று நம் கடற்கரையில் எடுத்த காட்சிகள் இதில் இருக்கின்றன. இடிந்த வீடுகளும் அழுகிறவர்களும் தொடக்கத்திலிருந்தே வருவார்கள். படம் தொடங்கி 18 நிமிடம் ஆனதும் இறந்தவர்களின் உடல்கள் ஏறத்தாழ ஒரு நிமிடம் வரும். முகம் தெரியாது, உடுத்திருந்த துணி தெரியும். அதற்கு முன்னால் திரை கறுப்பாகும், குரலிலும் சொல்வோம். அலைச் சத்தம் இரண்டு இடங்களில் வரும். எப்போது வேண்டுமானாலும் எழும்பிப் போகலாம், திரும்பியும் வரலாம். மண்டபத்துக்கு இடப்பக்கம் காப்பி வைத்திருக்கிறோம், அங்கே ஆள் இருக்கிறார்கள்." நிமிடக் கணக்கை உங்கள் படத்தைப் பார்த்துத் திருத்திக்கொள்ளுங்கள். துணி தெரியும் என்ற இரண்டு வார்த்தையை மட்டும் எடுத்துவிட வேண்டாம்.